பேனா மூடி

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் என் அத்தானையே கேளுங்கள். அக்காவைக் கட்டிய இந்த மனிதர் ஒரு வக்கீல் குமாஸ்தா. யோசிக்கும்போதெல்லாம் பேனா மூடியைக் கடிப்பார். அக்கா திட்டாத நாளில்லை.

பதிவே ஆகாத ஒரு பழைய வீடு விலைக்கு வந்தது. பத்திரம் கிடையாது. விற்க வந்த தம்பிக்காரன், "அண்ணன் எங்கயோ ஓடிப்போயிட்டான். இருபது வருஷமா நான்தான் அனுபவிச்சுட்டு வர்றேன்" என்றான். வேறு யாரும் குடியில்லை என்று அத்தான் நேரில் பார்த்துத் தன் வக்கீலுக்கு எழுதிக்கொடுத்தால் வீடு அவனுக்கு. உள்ளே ஒருவர் இருந்தாலும் எல்லாம் போச்சு.

நட்டநடுப் பகல். தம்பிக்காரன் வாசலைத் தாண்டவில்லை. "உள்ள ஒண்ணுமில்ல சார். சும்மா எழுதிடுங்க."

அத்தான் மட்டும் போனார். எங்கும் விரற்கடைத் தூசி. கடைசி அறையின் கைப்பிடியில் மட்டும் தூசி இல்லை... தொட்டால் பிசுபிசுப்பு. இழுத்தால் கதவு கொஞ்சம் திறந்தது. செத்த எலி நாற்றம்.

உள்ளே யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"யாருங்க?"

"நான்தான்... இங்கதான் இருக்கேன்."

"எவ்வளவு நாளா?"

"போகவே இல்லையே..."

வேறு யாராவது என்றால் ஓட்டம் பிடித்திருப்பார்கள். நம்மவருக்கோ தொழில் புத்தி. குடியிருப்பவரிடம் கையெழுத்து வாங்க வேண்டுமே! இடுக்கில் தாளையும் பேனாவையும் நீட்டினார். ஈரமான ஒரு கை வாங்கிக்கொண்டது. பட்ட இடத்தில் அதன் தோல் பாலாடை மாதிரி நழுவியது.

தாள் திரும்பி வந்தது, மஞ்சள் கறையோடு. பேனாவும் வந்தது. மூடி வரவில்லை.

குழப்பத்தில், பழக்க தோஷம், பேனாவின் பின்பக்கத்தை வாயில் வைத்தார்.

கொழகொழப்பு. அழுகல். நாக்கில் ஏதோ ஒட்டியது... துப்பினார்.

நகம். சதையோடு.

கதவை முழுக்க இழுத்தார்.

கதவுக்குப் பின்னால்... சுவர்.

வெள்ளையடித்த முழுச் சுவர்.

குடலே வெளியே வரும்படி வாந்தியெடுத்துவிட்டு வாசலுக்கு வந்தார். "எழுதியாச்சா சார்?" என்று பல்லிளித்தான் தம்பிக்காரன்.

"ஆச்சு."

ஒரே வரி. உள்ளே ஒருவர் குடியிருக்கிறார்.

அதைப் படித்த வக்கீல் போலீசோடு போனார். சுவரை இடித்தார்கள். விரிசலே இல்லாத அந்தச் சுவருக்குள் அண்ணன், வெறும் எலும்பாக. மடங்கிய விரல்களுக்குள் ஒரு நீல மூடி.

அக்கா பார்த்ததும் சொல்லிவிட்டாள், கடித்த தடம் அத்தானுடையதுதான் என்று.

அதன்மேல் இன்னொரு பல்வரிசை இருந்தது. புதிதாக.