நட்டது நாற்பத்தைந்து, பட்டது ஐம்பத்துநான்கு

கல்யாணமாகி ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டுக்கு நான் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கணவர் அங்கே ரைட்டர். காலையில் வேலைக்கு வரும் ஆட்களுக்குப் பேர் போடுவதும், பறிப்புக் காலத்தில் சாயங்காலம் காப்பிப் பழத்துக்கு எடை பிடிப்பதும் அவர் வேலை. நான் சேலத்தில் தமிழ் இலக்கியம் படித்து முடித்திருந்தேன். எஸ்டேட் கொடுத்த சின்ன வீட்டில் சமையலை முடித்துவிட்டால் எனக்கு அதற்குமேல் வேலை இல்லை. கொண்டுவந்த புத்தகங்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு, பனி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அரைப்பரீட்சை முடிந்த சமயம் ஒரு சாயங்காலம், வேலையாட்களின் கீழ் லைன் வீடுகளில் குடியிருந்த ஒரு அம்மா தன் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். மகள் எஸ்டேட்டை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது படித்தாள். எண்களாகவே கொடுத்திருந்த கணக்கெல்லாம் அவளுக்குச் சரி. கதை மாதிரி வாக்கியமாக வரும் கணக்குகளில், பள்ளிக்கூடத்தில் வாழ்க்கைக் கணக்கு என்பார்களே, அவற்றில் ஒன்றுகூடச் சரியில்லை. வாத்தியார் ஒருவரே மூன்று வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறவர். வீட்டில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் தேறிவிடுவாள் என்று சொல்லியனுப்பியிருந்தாராம்.

நான் உள்ளதைச் சொன்னேன். படித்தது தமிழ். கணக்கைப் பத்தாவதோடு சந்தோஷமாக விட்டவள் நான். என்னால் ஆகுமா என்று தெரியவில்லை.

அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கணக்கெல்லாம் இவளுக்கு வருதுங்க அம்மிணி. கணக்குக்குள்ள இருக்கற தமிழ்தானுங்க வர மாட்டேங்குது."

இதற்குமேல் நான் எப்படி மறுப்பது?

மறுநாள் அவள் தனியாக வரவில்லை. அதே வகுப்பில் படிக்கும் இன்னும் நான்கு பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஐந்து பேரும் முன்னறையில் சிமெண்ட் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். அவர்கள் கணக்குப் போடும் விதத்தை முதல் வாரத்திலேயே புரிந்துகொண்டேன். கணக்கை அவர்கள் படிப்பதே இல்லை. கண் நேராக எண்களுக்குத் தாவும். அப்புறம் ஒரே ஒரு சொல்லைத் தேடும். 'மொத்தம்' என்று இருந்தால் கூட்டு. 'மீதி' என்றால் கழி. 'ஒவ்வொரு' என்றால் பெருக்கு. அந்த மாதிரிச் சொல் எதுவும் கிடைக்காவிட்டால் என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க்கா, இது கூட்டலுங்களா, கழித்தலுங்களா?" என்பார்கள். நான் புருவத்தைத் தூக்கினால் போதும், சட்டென்று மாற்றிக்கொள்வார்கள். நானும் அதையேதான் இன்னும் நன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். பாதிக்குமேல் சரியாக வந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகுதான் அந்த ஆரஞ்சுக் கணக்கு வந்தது. ஒருவர் கூடையில் ஆரஞ்சுப் பழங்கள் வைத்திருந்தார். அவற்றில் 16 விற்றுவிட்டார். மீதி 28 பழங்கள் உள்ளன. முதலில் கூடையில் இருந்த பழங்கள் எத்தனை?

'மீதி' இருந்தது. ஐந்து பேரும் இருபத்தெட்டில் பதினாறைக் கழித்து, பன்னிரண்டு என்று எழுதி, போட்டி போட்டுக்கொண்டு சிலேட்டை நீட்டினார்கள்.

இப்போது கூடையில் எத்தனை பழம் என்று கேட்டேன். இருபத்தெட்டு என்றார்கள். விற்பதற்கு முன்னால் எத்தனை? பன்னிரண்டு. விற்கவிற்கப் பழம் கூடுமா என்று கேட்டதற்கு யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்தப் பெண்தான் பொறுமையாக எனக்கு விளக்கினாள்.

"கணக்குலதானுங்க்கா அப்படி. நெசத்துல கூடாதுங்க."

இரவு சாப்பிடும்போதும் அந்தப் பதில் என்னை விடவில்லை. எந்த மரத்து ஆரஞ்சு இனிக்கும், எது புளிக்கும் என்று எஸ்டேட் முழுக்க அறிந்த பிள்ளை அவள். ஒரு கொய்யாவை ஐந்து பேருக்குச் சண்டையில்லாமல் பங்கு வைப்பாள். ஆனால் கணக்கில் வரும் மனிதர்கள் அவளைப் பொறுத்தவரை மனிதர்களே இல்லை. அவர்கள் பன்னிரண்டு பழத்தை வைத்துக்கொண்டு பதினாறை விற்கலாம். அவர்களை நம்பச் சொல்லி அவளிடம் யாரும் கேட்டதில்லை. எனக்குக் கணக்கு வராமல் போகலாம். ஒரு வாக்கியத்தை எடுத்து, யார் செய்தார், என்ன செய்தார், எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்று பார்ப்பதைத்தானே மூன்று வருஷம் படித்திருக்கிறேன்.

மறுநாள் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக் கொட்டையில் ஒரு கைப்பிடி அள்ளி வந்தேன். கணக்குப் புத்தகத்தில் எங்கெல்லாம் எண் இருந்ததோ அதன்மேல் கொட்டைகளை வைத்து மூடினேன். எண் கிடையாது, என்ன நடந்தது என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். பிள்ளைகள் திகைத்துப்போனார்கள். எண் இல்லாமல் அது எப்படிக் கணக்காகும்? அவர்களில் குட்டையான பையன் மெதுவாக ஆரம்பித்தான்.

"ஒருத்தரு ஆரஞ்சு வெச்சிருந்தாருங்க. வித்தாருங்க."

"எல்லாத்தையுமா வித்தாரு, சாமி?"

"இல்லீங்க. கூடையில இன்னும் கெடக்குதுங்க."

"அப்ப கூடை எப்ப கனமா இருந்துச்சு? விக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அந்தப் பெண் முழங்காலில் எழுந்து நின்றுவிட்டாள். "முன்னாலதானுங்க்கா கனம்" என்றவள், தானே கொட்டைகளைத் தள்ளிவிட்டு எண்களைப் பார்த்தாள். சிலேட்டை எடுக்காமலே நாற்பத்துநான்கு என்றாள். பிறகு முந்தின நாள் எழுதிய பன்னிரண்டை நினைத்துச் சிரிக்க ஆரம்பித்தாள். பன்னிரண்டு பழம் வைத்திருந்த ஆள் எப்படிப் பதினாறை விற்றார் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுச் சிரித்தாள்.

அன்றிலிருந்து எங்கள் முன்னறையில் சத்தம் அதிகமாகிவிட்டது. முதலில் நடந்ததைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் கொட்டையை நகர்த்த வேண்டும். பத்து டஜன் வாழைப்பழம் வாங்கியவர் எதற்கு வாங்கினார் என்று பிள்ளைகள் விசாரித்தார்கள். கல்யாண வீடாக இருக்கும் என்று முடிவானது. ரயில் கணக்கு வந்த அன்று கணக்கே நடக்கவில்லை. அவர்களில் ஒருவரும் ரயிலைப் பார்த்ததில்லை. சேலம் ஜங்ஷனை விவரித்தே அந்தப் பொழுது போனது. மறுநாள் அதே கணக்கை நான்கே நிமிஷத்தில் போட்டார்கள்.

அவர்களாகவே கணக்குக் கட்டவும் தொடங்கினார்கள். ஒருநாள் வேலை முடிந்து வந்த என் கணவரை அந்தக் குட்டைப் பையன் மடக்கினான். மரத்தில் இருபது கொய்யா. குரங்கு ஆறைத் தின்றுவிட்டது, நான்கைக் கடித்துப் போட்டது. நாம் தின்ன எத்தனை? இவர் செருப்பைக் கழற்றிக்கொண்டே பத்து என்றார். கடித்ததிலும் நல்ல பக்கத்தை அறுத்துத் தின்னலாம் என்று பையன் சொன்னான். எஸ்டேட்டின் எடையெல்லாம் பிடிக்கிற மனிதர் அன்று பிள்ளைகளோடு சாக்கில் உட்கார்ந்து அரைமணி நேரம் வாதாடினார்.

ஏப்ரலில் முழுப்பரீட்சை. ஒன்றியத்துப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் ஒரே கேள்வித்தாள். விடைத்தாளை வேறு பள்ளிக்கூடத்தில் திருத்துவார்கள். கணக்குப் பரீட்சை முடிந்ததும் ஐந்து பேரும் கேள்வித்தாளோடு ஓடிவந்தார்கள். ஒரு கணக்கைக் காட்டி, இதைப் பாருங்கள் என்றார்கள்.

ஒரு விவசாயி 45 மரக்கன்றுகளை நட்டார். அவற்றில் 54 பட்டுப்போயின. மீதி எத்தனை?

ஐந்து பேரும் அது நடக்காது என்று எழுதிவிட்டு வந்திருந்தார்கள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம். இன்னொரு பக்கம், திருத்துகிறவர் இதை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று கவலை.

பயந்தது நடந்தது. அடுத்த வாரம் தலைமையாசிரியர் என்னையும் அந்தப் பெண்ணின் அம்மாவையும் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அந்தக் கணக்குக்கு ஐந்து பேருக்கும் சைபர். அதோடு, இந்த ஐந்து பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள் என்று திருத்தியவர் குறித்து அனுப்பியிருந்தார். மற்ற பிள்ளைகள் எல்லோரும் ஒன்பது என்று எழுதியிருக்க, ஐந்து பேர் மட்டும் எப்படி ஒரேமாதிரி முரண்டு பிடிப்பார்கள்? அந்த அம்மாவின் முகம் சிறுத்துப்போனது. என் மகள் பார்த்து எழுத மாட்டாள் என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். அவசரப்படாமல், பிள்ளைகளை ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிட்டு, எழுதியதை வாயால் சொல்லச் சொன்னார். நாங்கள் சுவரோரம் நின்று கேட்டோம். பையன்கள் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். கடைசியாக அந்தப் பெண் வந்தாள். கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவரு நாப்பத்தஞ்சுதானுங்க சார் நட்டாரு. மழையே இல்லாம அத்தனையும் பட்டுப் போனாக்கூட, நாப்பத்தஞ்சுதானுங்க போவும். அம்பத்துநாலுக்கு அவரு எங்கீங்க போவாரு?"

"அப்ப என்ன பதில் எழுதோணும், கண்ணு?"

"எண்ணு ரெண்டும் மாறி அச்சாகியிருந்தா ஒம்பதுங்க. மாறலீன்னா பதிலே இல்லீங்க சார்."

அவர் மேசைமேலிருந்த கேள்வித்தாளை எடுத்துக் கண்ணருகே வைத்துப் படித்தார். மறுபடி ஒருதரம் படித்தார். பரீட்சை ஹாலில் அந்தத் தாளை அன்று சத்தமாக வாசித்துக் காட்டியதே தான்தான் என்று எங்களிடம் சொல்லிச் சிரித்தார். அப்புறம் ஐந்து விடைத்தாளையும் பைக்குள் வைத்துக்கொண்டு, மத்தியான பஸ்ஸைப் பிடித்து ஒண்டிக்கடை ஸ்டாப்பில் இறங்கி, ஏற்காட்டுக் கல்வி அலுவலகத்துக்கு நேராகப் போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்து மணி நேரமல்லாத நேரத்தில் அடித்தது. என்னவோ என்று நானும் போனேன். விடுமுறை விடுகிற நாள். பிள்ளைகள் எல்லோரையும் வெளியே வரிசையாக நிற்க வைத்து, அந்த ஐந்து பேரையும் முன்னால் கூப்பிட்டார் தலைமையாசிரியர். பார்த்து எழுதினார்கள் என்ற பேச்சை எடுத்துவிட்டார்கள். அந்தக் கணக்குக்கு ஐந்து பேருக்கும் முழு மார்க். கேள்வி தவறு என்று அலுவலகத்தில் ஒத்துக்கொண்டு, அந்தக் கணக்கைத் தொட்ட பிள்ளைகள் எல்லோருக்கும் மார்க் போடச் சொல்லிவிட்டார்கள்.

"இந்த மலைமேல இருக்கற அத்தனை பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கும் மார்க்கு வாங்கிக் குடுத்தது இவங்க அஞ்சு பேரு" என்று அவர் சொன்னபோது, என்ன நடந்ததென்று புரியாத ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள்கூடக் கை தட்டின. அந்தக் குட்டைப் பையன் மற்றவர்களுக்குத் தெரியட்டும் என்று குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

பிள்ளைகளால் வீட்டுக்குப் போகும்வரை பொறுக்க முடியவில்லை. காப்பிச் செடிகளெல்லாம் பூத்துக் கிடந்த நேரம். வெள்ளைப் பூவுக்கு நடுவே ஐந்து பேரும் சரிவில் ஓட, புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த அம்மா மற்ற பெண்களோடு களை வெட்டிக்கொண்டிருந்தார். மகள் மூச்சுவாங்கச் சொன்னதைக் கேட்டு, களைக்கொத்தைக் கீழே போட்டார். மகளைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவுமில்லை. வேலை செய்த பெண்கள் பக்கம் அவளைத் திருப்பி நிறுத்தி, தோளில் கை வைத்து, "அந்தக் கணக்க எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி சொல்லு சாமி" என்றார்.

அவள் கணீரென்று சொன்னாள். ஐம்பத்துநான்கு பட்டுப்போயின என்ற இடத்திலேயே பெண்கள் குறுக்கிட்டார்கள். நாற்பத்தைந்து நட்டால் ஐம்பத்துநான்கு எப்படிப் பட்டுப்போகும் என்று ஒருவர் கேட்டார். கூட எங்கேயோ களவாண்டு வந்து நட்டிருப்பான் என்று இன்னொருவர் சொல்ல, சரிவு முழுக்கச் சிரிப்பு. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொல்ல, மேல் பாத்தியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். அந்த அம்மா ஒவ்வொருவரிடமும், எம்புள்ளதானுங்க கண்டுபுடிச்சா, நொம்பப் பேரு கண்ணுக்கே படலீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வேலை நின்றுபோனதைப் பார்த்து என் கணவர் பேரேட்டுப் பையோடு வேகமாக வந்தார். யாரையும் அதட்டவில்லை. ஒரு கல்மேல் உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டார்.