தரணியின் ரத்தமும் ஹேமநாத்தின் வாயும்

பிச்சாட்டூர் பக்கத்தில் நிலக்கடலை பிடுங்கப் போகும் கூலிக்காரி தரணி. புருஷன் ஹேமநாத் குவைத்தில் கார் ஓட்டுகிறான். லீவில் வந்து போனவனின் பிள்ளை அவள் வயிற்றில் வளர்ந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு வழக்கமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனை அவள் தலையில் இடியாக இறங்கியது.

"மேக வியாதியா இருக்கலாம்மா, அதான் சேர்க்கையில ஒட்டிக்குமே, சிபிலிஸ். திருப்பதி போயி இன்னொரு டெஸ்ட் எடுத்துடு" என்று நர்ஸ் சத்தமாகவே சொல்லிவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள்.

கூட வந்த மாமியார் கிருஷ்ணம்மாவுக்கு அது போதாதா?

"எம்புள்ள விசாவுக்கு மெடிக்கல் பாஸ் பண்ணவன். அப்ப இது எங்கேர்ந்துடி வந்துச்சி?"

தரணி ரிசல்ட் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்தாள்.

"திருப்பதி அப்புறம். மொதல்ல காணிப்பாக்கம் வா. குளத்துல முழுவி, பிள்ளையாரு எதிர்ல சத்தியம் பண்ணு. இல்லன்னா உன் அம்மா வூட்டுக்கு நட."

காணிப்பாக்கத்தில் பொய்ச் சத்தியம் செய்தவன் நன்றாக இருந்ததில்லை என்பது அந்தச் சீமையின் நம்பிக்கை. எத்தனையோ வழக்கு அங்கேதான் தீரும். தரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினாள். ஈரப்புடவை சொட்டச் சொட்ட நின்று, புருஷனைத் தவிர வேறொருவரை நினைத்ததும் இல்லை என்று சத்தியம் செய்தாள். கிருஷ்ணம்மா அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஹேமநாத் கடைத்தெரு பூத்துக்குப் போன் செய்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கிருஷ்ணம்மா ரிசீவரை மருமகளிடம் கொடுத்து வெளியே போனாள்.

"காணிப்பாக்கத்திலயா சத்தியம் பண்ண?"

"ஆமாங்க."

"நெஜமாவே முழுவினியா?"

"முழுவினேன்."

அந்தப் பக்கம் விம்மல் கேட்டது. "அப்ப என்னாலதான் தரணி. ரூம் பசங்க ஒருத்திகிட்ட இட்டுக்கினு போனாங்க. ஒரே ஒரு தபா. உன் ரத்தத்தையும் கெடுத்துட்டேனே, பாவி!"

அவள் அழவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் பலம் வேண்டுமே.

திருப்பதி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரெண்டாவது ரிசல்ட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"உனக்கு அந்த வியாதி இல்லம்மா. முதல்ல எடுத்த டெஸ்ட் அந்தக் கிருமிக்குன்னே எடுக்கறது இல்ல. கர்ப்பமா இருந்தாலோ, மலேரியா மாதிரி காய்ச்சல் வந்தாலோ, சில பேருக்கு வியாதி இல்லாமலே இருக்கற மாதிரி காட்டும். இதுதான் அந்தக் கிருமிக்குன்னே எடுக்கறது. இதுல ஒண்ணுமில்ல. பிரசவத்துக்கு முன்ன இன்னொரு தடவ பாத்துக்கலாம்."

"அப்ப எங்க வீட்டுக்காரருக்கு?"

"அவர்கிட்ட இருந்து உனக்கு இது வரல. அவருக்கு ஏதாவது இருக்குதா இல்லையான்னு அவர் ரத்தத்தப் பாத்தாதான் தெரியும்."

வாசலில் காத்திருந்த கிருஷ்ணம்மா, வியாதி இல்லை என்று கேட்டதும் மருமகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "எந்தங்கம்! காலையிலேர்ந்து பட்டினி. இட்லி துன்னு." தரணி தின்றாள். ருசி தெரியவில்லை. இல்லாத வியாதிக்குப் பயந்து இருந்த உண்மையைச் சொல்லிவிட்டானே மனுஷன்! வியாதியை இல்லை என்று சொல்ல டாக்டர் இருந்தாள். இதை இல்லை என்று யார் சொல்வது?

அடுத்த ஞாயிறு அவன் குரலில் துள்ளல். "ஒண்ணுமில்லன்னுட்டாங்களாமே, அம்மா சொல்லிச்சி! நான் அன்னிக்கி உளறினத மறந்துடு தரணி."

"லீவுல வந்தா நேரா திருப்பதி ஆஸ்பத்திரிக்கு வாங்க. நான் அங்க நிக்கறேன். ரத்தம் குடுத்து, ரிசல்ட் பாத்துட்டு, அப்புறம் வூட்டுக்குப் போவலாம்."

"அம்மாக்குத் தெரிஞ்சா?"

"அது உங்க பாடு."

ரிசீவரை வைத்துவிட்டு வெளியே வந்தாள். கிருஷ்ணம்மா ஆவலாக எழுந்தாள்.

"இன்னாடி சொன்னான்?"

"சௌக்கியமாம் அத்தை" என்று சொல்லி, பூத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் தரணி.