நிறைகுடத்துக்கு ஒரு புள்ளி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வடலண்டனில் ஒரு கவுன்சிலின் வீடமைப்புப் பிரிவில் வேலை செய்தேன். இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் இருந்ததால், ஆள் எடுக்கும் நேர்முகத்தில் எங்களைப் போன்ற வெள்ளையரல்லாத ஒருவராவது இருக்கவேண்டும் என்று ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அப்படித்தான் மூன்று பேரில் ஒருத்தியாக நானும் மேசைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கவேண்டும். பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது. வாயால் சொன்னதற்கு மட்டுமே புள்ளி. முன்பெல்லாம் முகத்தைப் பார்த்தே ஆளைக் கழித்துவிட்டதால் வந்த விதி இது. நல்ல விதி. இன்றைக்கும் அதைக் குறைசொல்ல மாட்டேன்.

அன்று களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்கு பக்கத்து எட்மண்டன் பகுதியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்தவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஊரில் பதினொரு வருடம் அரசாங்கக் களஞ்சியம் ஒன்றை நடத்தியவர், இங்கே பெட்ரோல் ஷெட்டில் வேலைக்கு நின்றார். விண்ணப்பத்தைப் படித்தபோதே வேலை இவருக்குத்தான் என்று முடிவுகட்டிவிட்டேன்.

வேலையில் நீங்கள் தீர்த்துவைத்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள் என்று எங்கள் நேர்முகக் குழுவின் தலைவர் கேட்டார். எல்லாம் மேலதிகாரி பார்த்துக்கொண்டார், அவர் சொன்னதை நான் செய்தேன் என்றார் இவர். இந்த வேலைக்கு நீங்கள் ஏன் பொருத்தம் என்று கேட்டதற்கு, என்னைவிட நல்லவர்களும் வந்திருப்பார்கள் என்று சிரித்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. 'வாயைத் திறந்து சொல்லுங்கோவன் அண்ணை' என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். நிறைகுடம் தளும்பாது என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள். இங்கே தளும்பாத குடத்தை வெறுங்குடம் என்றே எழுதிக்கொள்கிறார்கள். நானும் எழுதினேன், ஐந்துக்கு ஒன்று.

வேலை ஒரு கரீபியப் பெண்ணுக்குக் கிடைத்தது. கேட்டதற்கெல்லாம் கணீரென்று பதில் சொன்னவர். அவருக்கு உரியதுதான்.

கிடைக்காதவர்களுக்குக் காரணம் சொல்லவேண்டும் என்பதும் விதி. யாழ்ப்பாணத்தவருக்கு அவருடைய மொழியிலேயே சொல்லிவிடு என்று தலைவர் போனை என் பக்கம் தள்ளினார்.

"அண்ணை, உங்கட திறமையை நீங்கள் சொல்லேல்லை. சொல்லாததுக்கு இங்க புள்ளி போடேலாது."

"என்னை நானே புகழுறதோ?"

"இங்க அப்பிடித்தான். அடுத்தமுறை சொல்லுங்கோ."

"நீங்களும் புள்ளி போட்டனீங்களோ?"

"ஓம். அஞ்சுக்கு ஒண்டு."

ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது போலவும் இருந்தது.

"நீங்கள் சரியாத்தான் போட்டிருப்பியள் தங்கச்சி. எங்கட ஆள் ஒராள் அந்த மேசையில இருந்ததே எனக்குச் சந்தோசம்."

என்ன சொல்லிப் போனை வைத்தேனோ தெரியாது. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.