ஏழாவது பொத்தான்

போர்க்காலத்தில் ராணுவச் சட்டை தைக்கும் ஆலையில் அவளுக்குப் பொத்தான் வேலை. சட்டைக்கு ஏழு பொத்தான். பக்கத்து இருக்கையில் நாத்தனார். அவளுக்குக் காது மந்தம். மெஷின் இரைச்சலில் சுத்தமாகக் கேட்காது. எண்ணிக்கை தவறக்கூடாதே என்று இவள் தொண்டை கிழியக் கத்தினாள். கத்தல் நாளடைவில் ராகமாகிவிட்டது:

கழுத்துல ஒண்ணு, நெஞ்சுல ரெண்டு,
வயித்துல மூணு வச்சாச்சு;
ஏழாவதுதான் எங்கே போச்சு?
தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு.

ஏழாவது பொத்தான் எப்போதும் கைதவறி மெஷினுக்கு அடியில் உருண்டுவிடும். அவ்வளவுதான் விஷயம்.

சட்டை மூட்டை ஏற்ற வந்த லாரி டிரைவர் பாட்டையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போனான். போர்முனையில் பொத்தான்கள் குண்டுபட்ட வீரர்களாயின. எதிரிப் படை அதே மெட்டில், ஏழாவது ஆள் பயந்து ஓடிவிட்டதாகப் பாடியது. கல்யாண வீடுகளில் அவன் காணாமல்போன மாப்பிள்ளை ஆனான். கயிறு தாண்டும் பிள்ளைகளுக்கு ஏழும் பூனைக்குட்டிகள்.

சண்டை ஓய்ந்து பதினைந்து வருடம் கழித்து, ஒரு பேராசிரியர் டேப்ரெக்கார்டரோடு வீடு தேடி வந்தார். அவள் பொத்தான் கதையைச் சொல்லிப் பாடி முடித்ததும் முகம் சுளித்தார்.

"இதுல பொத்தான்ங்கற வார்த்தையே இல்லையேம்மா?"

"பொத்தான் கையில இருக்கறப்போ அதை எதுக்குங்க பாடணும்?"

"இந்தப் பாட்டுக்கு என்கிட்ட நாப்பத்திமூணு பாடம் இருக்கு, ஒவ்வொண்ணும் ஒரு விதம். அதுல உங்களதுதான் ரொம்பச் சிதைஞ்சது."

"கட்டினதே நான்தாங்க."

"அப்படிச் சொல்றவங்கள்ல நீங்க பதினொண்ணாவது ஆள்," என்றார் அவர் கனிவாக.

அவர் புத்தகம் வந்த கையோடு பூங்காவில் ஏழு வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழும்பியது. ஆறு சிலைகள், ஏழாவது பீடம் காலி. அவள் அதைப் போய்ப் பார்த்தாள். இல்லாத ஆளுக்காக ஊரே உருகுகிறதே என்று மனசு குடைந்தது. நாத்தனாரை இழுத்துக்கொண்டு நகராட்சிக்குப் போனாள்.

குமாஸ்தா படிவத்தை எடுத்தார். "ஏழாவது ஆள் பேரு?"

"ஆளே இல்லைங்க. அது பொத்தான்."

"செல்லப்பேரா? சரி. உங்களுக்கு என்ன உறவு?"

"உறவெல்லாம் இல்லை. நான் தைச்சவ."

அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. 'வளர்த்தவர்' என்று எழுதி முத்திரை குத்தினார்.

திறப்பு விழாவில் அவளுக்கு முன்வரிசை நாற்காலி. வாத்தியக்குழு அவள் மெட்டை இழுத்து இழுத்து வாசித்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று பயந்திருந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. நகரத் தலைவர் குனிந்து, "எப்படி இருப்பார்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "சாம்பல் நிறம். நாலு ஓட்டை."

தலைவர் தொப்பியைக் கழற்றினார். 'நான்கு குண்டுகளை நெஞ்சில் வாங்கியவர்' என்று மறுநாள் பத்திரிகை எழுதியது. மறுவாரம் பேராசிரியர் நாற்பத்திநாலாவது பாடத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார்.

நாத்தனார்தான் முகம் கொடுத்துப் பேசவில்லை. விழா முடிந்த மூன்றாம் நாள் வெடித்தாள்.

"நீ மட்டும் முன்னாடி ஜம்முன்னு உக்காந்துக்கிட்டே. அவனைத் தேடித் தரையில தவழ்ந்தது யாரு? நீயா, நானா?"

அதிலும் நியாயம் இருந்தது. இருவரும் மறுபடி குமாஸ்தாவைப் பார்த்தார்கள். அடுத்த வருட நினைவு நாளில் முன்வரிசையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. இரண்டாவதின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில், 'ஏழாவது வீரரின் அத்தை.'