உறுதியில் அவள் பெயர்

முறி என்ற சொல்லை எங்கள் பக்கத்தில் வாயில் எடுத்தாலே ஆட்கள் ஒரு அடி பின்னுக்குப் போவார்கள். பத்திரிகையில் அந்தச் சொல் பெரிய எழுத்தில் வந்த நாட்களெல்லாம் யாரோ பெரிய மனிதர் பெரிய களவு செய்த நாட்களாகத்தான் இருந்தன. அப்படியிருக்க, முறி விற்ற பணத்தில்தான் உங்களுக்கு வீடு கட்ட உதவப்போகிறோம் என்று கல்முனையில் மேசை போட்டு உட்கார்ந்து சொல்வது என் உத்தியோகமாக இருந்தது. பொறுமை வேண்டிய வேலை. எனக்கோ கோபம் எப்போதும் மூக்கு நுனியில்.

திட்டம் நல்ல திட்டம்தான். அரசாங்கம் பொறுப்பு நிற்க, எங்கள் வீடமைப்பு நிதி நிறுவனம் பொதுமக்களுக்கு முறி என்ற கடன் பத்திரங்களை விற்றது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கடைக்காரர்களும் கொஞ்சம் சேமிப்பு வைத்திருந்தவர்களும் அவற்றை வாங்கினார்கள். சேர்ந்த பணம், சம்பளச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வங்கிகள் வாசலோடு அனுப்பிவிடும் ஆட்களுக்குப் போகும். வட்டி ஹராம் என்று ஒதுங்கும் எங்கள் ஊர்களுக்காக அதிலேயே தனி வகை ஒன்று இருந்தது. வீட்டில் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் அந்தப் பங்குக்கு மாதம் மாதம் வாடகை கட்டிக்கொண்டே பங்கையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வாங்குவார். அந்த வாடகைதான் முறி வாங்கியவர்களுக்கு வருமானம். கடைசியில் முழு வீடும் வீட்டுக்காரருக்கு.

இதை எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்களுக்கே நான் மூன்று தடவை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. ஒரே தடவையில் விளங்கிக்கொண்ட முதல் மனிதர் சாய்ந்தமருதிலிருந்து வந்த ஒரு மீன்பிடிகாரர். நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டிவிட்டார். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று பிரித்தே பழகிய மனிதருக்கு வீட்டில் பங்கு என்றால் என்ன புதினம்? தன் மனைவியின் பக்கம் திரும்பி, இது நம்மட கடல் கணக்குத்தான் என்று சொன்னார். அவள் மெதுவாகச் சிரித்தாள். எனக்கு அந்த இடத்திலேயே இருவரையும் பிடித்துப்போய்விட்டது.

அவர்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது, நோன்புப் பெருநாள் கழிய நிக்காஹ். எங்கள் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து ஏறுவார், பெற்றவர்கள் வேறு இடம் பார்த்து ஒதுங்குவார்கள். இவர்கள் இருந்த முன்வீடு மகளுக்குப் போகிறது. தங்களுக்கென்று வளவின் பின்பக்கம் ஒரு துண்டு நிலம் மட்டும் மிஞ்சியிருந்தது. அதில் அத்திவாரம் போட்டு, கதவு மட்டத்துக்குச் சுவரும் எழுப்பியிருந்தார்கள். அதற்குள் சீமெந்து விலை ஏறிக் கையிலிருந்தது தீர்ந்துபோனது. அந்த அரைச் சுவருக்குள் இப்போது கோழிகள் படுத்திருந்தன. கலியாணத்துக்கு முன் கூரை ஏறாவிட்டால் இளையவளையும் கூட்டிக்கொண்டு வாடகை வீடு தேட வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் பெற்றோரை மாப்பிள்ளை வீட்டார் எப்படிப் பார்ப்பார்கள் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். பின்நிலத்துக் காணி உறுதிப் பத்திரம் மனைவியின் பெயரில் இருந்தது. அவளுடைய உம்மா அவளுக்கு எழுதிக் கொடுத்தது. அதனால் விண்ணப்பமும் அவள் பெயரில், அதில் எந்தச் சிக்கலும் இல்லை. கோப்பைக் கொழும்புக்கு அனுப்பினேன், மூன்றாவது வாரம் அது திரும்பி வந்தது. விண்ணப்பதாரிக்கு வருமானம் இல்லை, வருமானம் உள்ள குடும்பத் தலைவர் பெயரில் காணியை மாற்றிக்கொண்டு மீண்டும் அனுப்பவும் என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். எனக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அலுவலகத்தில் பல வருடம் உட்கார்ந்தால் மனிதருக்குப் படிவத்தின் புத்திதான் வரும் போல. நொத்தாரிசு ஒருவரைப் பிடித்து ஒரு நன்கொடை உறுதி எழுதினால் இரண்டு கிழமையில் காரியம் முடியும் என்று கணக்குப் போட்டேன். இருவரையும் கூப்பிட்டு, காணியைக் கணவருடைய பெயருக்கு மாற்றிவிடுங்கள், பணம் சுறுக்காக வரும் என்று சொன்னேன். நானும் உம்மா தந்த வீட்டில் இருப்பவள்தான். என் வீட்டு உறுதியில் என் கணவரின் பெயரை எழுத யாராவது சொல்லியிருந்தால் அந்த ஆளை நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

கணவர் தலையைக் குனிந்துகொண்டார். சரி என்று சொல்ல அவருக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு இருந்தது வெட்கமில்லை.

"அது அவட காணி மிஸ். நான் வந்து ஏறின ஆள். இண்டைக்கு என்ட பேருக்கு எழுதினா நாளைக்கு என்ட புள்ளைகளுக்கு நான் என்ன சொல்ற? உம்மாட ஊட்ட வாப்பா எடுத்திட்டார் எண்டா? எனக்கு இந்தப் பணம் வேணா."

இப்படி ஒரு மனிதர் என் மேசைக்கு முன்னால் அதுவரை உட்கார்ந்ததில்லை. கோழி படுத்த அரைச் சுவரை வைத்துக்கொண்டு, கலியாண நாளும் நெருங்கி வர, தன் பெயருக்குச் சும்மா வரும் நிலத்தை வேண்டாம் என்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் வாய் திறந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, மேசையில் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"மிஸ், எனக்குத் தொழில் இல்ல எண்டு ஆர் எழுதின?"

நான்தான் எழுதியிருந்தேன். தொழில் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. கேட்காமலே எழுதியது. பெண் வந்து உட்கார்ந்தால் அந்தக் கட்டத்தில் அந்தச் சொல்லைப் போட்டுப் போட்டுக் கை தானாக எழுதியிருக்கிறது. கொழும்பில் இருந்தவர் என் எழுத்தை நம்பித்தான் சிவப்பு மையை எடுத்திருக்கிறார்.

"நீங்க உடுத்திரிக்கிற அபாயா நான் தைச்சது," என்றாள் அவள். "வலப்பக்கம் உள்ளுக்கு ஒரு பை இரிக்கும். பாருங்க."

கையை விட்டேன். என் தொலைபேசி அதற்குள்தான் இருந்தது. பல மாதமாக அந்தப் பையை நான் மெச்சிக்கொண்டிருந்தேன். கல்முனைக் கடைத்தெருவில் வாங்கிய அபாயா அது, தைத்தவள் யாரென்று கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. அவள் காலையில் இளையவளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு மெசினில் உட்கார்ந்தால் நண்பகல் லுஹர் பாங்கு வரை எழும்புவதில்லையாம். மூன்று கடைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறாள். கடல் கொந்தளித்துக் கணவர் தொழிலுக்குப் போகாத மாதங்களில் அந்த வீட்டில் உலை கொதித்தது அந்த மெசினால்தான். இதையெல்லாம் கணவர்தான் சொன்னார், கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

அவர்கள் போன பிறகு எனக்கு வந்த கோபத்தைப் பற்றி அலுவலகத்தில் இன்றும் பேசுவார்கள். பாதி என் மேல், பாதி சிவப்பு மையின் மேல். தொழில் என்ற கட்டத்தில் நான் எழுதியதை வெட்டி, 'அபாயா தையல், சொந்த மெசின்' என்று எழுதி, கீழே பிழை என்னுடையது என்று கையொப்பமிட்டு, கோப்பைத் திரும்பவும் அனுப்பினேன். பதில் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் சம்பளச் சீட்டு எங்கே என்கிறார்கள். சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்குத்தானே ஐயா இந்த முறியையே விற்றீர்கள் என்று கேட்டேன். அந்தப் பக்கம் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள், திருப்பி அனுப்பிய கோப்புகளைப் பார்க்கக் கொழும்பிலிருந்து அந்தச் சிவப்பு மை அதிகாரியே நேரில் வந்தார். கெட்டவர் இல்லை. சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். முறி வாங்கியவர்களுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும், அவர்களும் பாடுபட்டுச் சேர்த்த பணம், இந்தப் பெண் உழைக்கிறாள் என்பதற்கு நான் எதைக் காட்டுவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவள் தைத்துக் கொடுக்கும் கடைக்காரர்களிடம் நான் வாங்கிவைத்த கடிதங்கள் இருந்தன. அவற்றை அவர் வாசித்துவிட்டு, கடிதம் யாரும் எழுதலாம் என்றார்.

அன்று மக்கள் சந்திப்பு நாள். வெளியே வாங்கில் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, கதவைத் திறந்து சத்தமாகக் கேட்டேன்.

"அபாயாவில வலப்பக்கம் உள்ளுக்குப் பை வைச்சிருக்கிற ஆக்கள் இரிக்கீங்களா? இருந்தா கைய உட்டுக் காட்டுங்க."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மிஸ்ஸுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று நினைத்திருப்பார்கள். பிறகு ஒருத்தி கையை விட்டாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளும் விட்டாள். வாசலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றவள் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிவிட்டு விட்டாள். மருதமுனையிலிருந்து வந்தவள், நற்பிட்டிமுனைக்காரி, எங்கள் அலுவலகத்தில் தேநீர் போடும் பெண். நானும் விட்டேன். அங்கிருந்த பாதிப் பேருக்கு மேல் கையை உள்ளே வைத்துக்கொண்டிருந்தோம். வேறு யாரும் இப்படிப் பை வைத்துத் தைப்பதில்லை, இது ஒரே ஒருத்தியின் கை என்று அதிகாரிக்குச் சொன்னேன். அவர் வாசலில் நின்று ஒவ்வொருவராகப் பார்த்தார். கடைசியில் சிரித்துவிட்டார். பேனையை எடுத்தார், இந்தத் தடவை நீல மை.

அனுமதி அவள் பெயரிலேயே வந்தது, கணவர் பிணையாளி. கையொப்பமிட வந்த அன்று அவள் பேனையைப் பிடித்த பிடியை நான் மறக்கவில்லை. அவசரமில்லாமல், ஒரு எழுத்தும் குறையாமல் பெயரை முழுதாக எழுதினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையில் பாதி எனக்குச் சொந்தமில்லை என்பதும் தெரிந்தேயிருந்தது.

கோழிகள் இடம் மாறின. சுவர் எழும்பியது. கலியாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கூரைத் தகடு ஏறியது. பூச்சுப் பூசவில்லை, நிலத்துக்கு வெறும் கொங்கிரீட்தான். அதனால் என்ன, மாப்பிள்ளை முன்வீட்டில் ஏறிய அன்று பெற்றவர்கள் தங்கள் கூரைக்குக் கீழே நின்று விருந்தாளிகளை வரவேற்றார்கள். அவள் ஒரு மாதமும் தவறாமல் கட்டினாள். அவளுக்குப் பிறகு அவளைப் போன்றவர்களின் கோப்புகளை நான் வரிசையாக அனுப்பினேன், தொழில் என்ற கட்டத்தைக் கேட்டுக் கேட்டு நிரப்பினேன். இடியப்பம் அவிப்பவள், கருவாடு போடுபவள், நெசவுக்காரி. அடுத்த முறி விற்பனைக்கு வந்தபோது என் சேமிப்பிலிருந்து நானும் ஒன்று வாங்கினேன். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் யாரும் பின்னுக்குப் போவதில்லை, எனக்கு எப்போது கிடைக்கும் என்று முன்னுக்கு வருகிறார்கள்.

வேலை முடிந்ததா என்று பார்த்து அறிக்கை எழுத, கலியாணம் முடிந்து சில மாதத்தில் அந்தப் பின்வீட்டுக்குப் போனேன். கணவர் வெளியே நின்று, உள்ளே வாங்க மிஸ், நானும் இஞ்ச விருந்தாளிதான் என்று பகிடி விட்டார். மெசின் யன்னலோரமாக, நல்ல வெளிச்சத்தில் இருந்தது, அவள் தைத்துக்கொண்டிருந்தாள். இளைய மகள் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒவ்வொரு அறையாகக் காட்டினாள். பத்து வயதிருக்கும், பெரிய வாயாடி. இது சமைக்கிற குசினி, இது படுக்கிற அறை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், உம்மாவின் மெசினுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்று கேட்டாள்.

"ராத்தாக்கு முன்ஊடு. அப்ப எனக்கு இந்த ஊடு, என்ன உம்மா?"

எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு, ஓம், உனக்குத்தான் என்று. என் உம்மாவும் அந்தப் பதிலைத்தான் சொன்னாள், நானும் என் மகளுக்கு அதைத்தான் சொல்லியிருக்கிறேன். தாய் மெசினை நிறுத்தினாள். துணியிலிருந்து கையை எடுத்து மகளின் தலையைத் தடவினாள்.

"இல்ல மகள். உனக்கு வேற கட்டுவம், இன்ஷா அல்லாஹ். இது உம்மாட ஊடு."

சொல்லிவிட்டு மீண்டும் தைக்கத் தொடங்கினாள். நான் அறிக்கையை அங்கேயே நின்று எழுதினேன்.