ஏரியின் பயன்

திருச்செங்கோடு போகும் டவுன் பஸ்ஸில், மூன்றாம் வகுப்பு விடைத்தாள்களை மடியில் வைத்துத் திருத்திக்கொண்டு வந்தார் என் பக்கத்து சீட்டு டீச்சர். விரலிடுக்கெல்லாம் நீலச் சாக்பீஸ் தூள். ஒவ்வொரு தாள் முடிந்ததும் சிவப்புப் பேனாவை மூடுவார், அடுத்ததற்கு மறுபடி திறப்பார்.

ஒரு தாளில் பேனா அந்தரத்தில் நின்றது. 'ஏரியின் பயன் யாது?' என்ற கேள்விக்கு, 'ரிக் லாரி நிறுத்தலாம்' என்று குண்டு குண்டாக எழுதியிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏனுங்க டீச்சர், இது தப்புதானுங்களே?"

"சிரிக்காதீங்க. போர்டுல நீலமா ஏரி வரைஞ்சுதான் சொல்லிக் குடுத்தேன். இந்தப் புள்ள பொறந்ததுல இருந்து எங்க ஊர் ஏரியில தண்ணி நின்னதே இல்லீங்க. போர்வெல் போடுற ரிக் லாரிதான் வரிசையா நிக்குது. நான் என்னனு மார்க் போடறது?"

"பள்ளிக்கூடத்து போர்ல தண்ணி வருதுங்களா?"

"போன மாசமே நின்னுபோச்சுங்க. இன்னும் ஆழமா போடோணும்னு அதே லாரியத்தான் வரச் சொல்லியிருக்கோம்."

ஜன்னலுக்கு வெளியே அந்த ஏரி வந்தது. கரை இருந்தது, கரைக்குள்ளே வெயிலில் லாரிகள் நின்றன. அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து, 'சரி' என்று குறி போட்டார். குறி கோணலாக விழுந்தது. பேனாவை மூடி, அடுத்த தாளுக்கு மறுபடி திறந்தார்.