ஆணிப் பலகையில் தொங்கிய மலை

சொந்தக்காரர் யாரைப் பற்றிக் கேட்டாலும் அவள் முதலில் எடையைத்தான் சொல்லுவாள். "மூத்த நாத்தனாரோட ரெண்டாவது பையனா? மூணு கிலோ நூறு. அழுதுட்டே வந்தான், இன்னும் நிறுத்தல." "எங்க சின்ன சித்தி பேத்தியா? ரெண்டு அறுநூறு. இப்பப் போய்ப் பாரு, கதவை அகலம் பண்ணணும்." பிறந்த தேதி, நட்சத்திரம் எதுவும் ஞாபகம் இருக்காது. குடும்பத்துப் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் அவளுடைய தராசில் படுத்து எழுந்தவர்கள். அதனால் எடை மட்டும் மனசில் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளைக் கிலோ அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. பெரிசும் இல்லை, ரொம்பச் சின்னதும் இல்லை. நாளைக்கு நாலு குழந்தை பிறக்கும். கிலோ அக்கா அங்கே இருபத்திரண்டு வருஷமாக ஆயா வேலை பார்த்தாள். ஐந்தாவது வரை படித்தவள். முந்தின நாள் பிறந்த குழந்தைகளைக் காலையில் எடை போடுவது அவள் வேலை, அவள் ஒருத்தி வேலை. தராசுக்குக் கடிகாரம் மாதிரி வட்ட முகம், மேலே ஒரு தட்டு, முகத்தில் ஒரு முள். முதலில் துணியை விரித்து முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவாள். அப்புறம் குழந்தை. எடையைப் பார்த்து, குழந்தையின் கையில் கட்டியிருக்கும் அட்டைச் சீட்டில் எழுதுவாள். சீட்டில் அம்மா பெயரும் தெருவும் ஏற்கெனவே இருக்கும்.

இரண்டரைக் கிலோவும் அதற்கு மேலும் இருந்தால் மறுநாள் வீட்டுக்குப் போகலாம். அதற்குக் கீழே என்றால் சின்னக் குழந்தைகள் அறையில் ஒரு வாரம் வைத்துப் பார்ப்பார்கள். அதுதான் சட்டம்.

வீட்டுக்குப் போகும்போது சீட்டை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வாங்க வருகிறவர்களுக்கு அந்தச் சீட்டு வேண்டும். முன்பெல்லாம் சீட்டுகள் ஒரு தகரப் பெட்டியில் கிடந்தன. அப்பாமார்கள் வந்து நிற்பார்கள்.

"என்னைக்குப் பொறந்துச்சு?"

"செவ்வாயோ புதனோ... இல்ல, மழை பெஞ்ச அன்னைக்கு."

"நல்லா இருக்கு. உங்க கல்யாணத் தேதியாவது தெரியுமா?"

"அவளைக் கேக்கணும். ஆனா எடை தெரியும்க்கா. ரெண்டு எண்ணூறு!"

எத்தனை பேரிடம் கேட்டாலும் இதே கதைதான். தேதி மறந்திருக்கும், எடை மறந்திருக்காது. அரை நாள் பெட்டியைக் கிளறிக் கிளறி அலுத்துப்போய்த்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. சீட்டை எடைப்படி அடுக்கினால் என்ன? அவள் வீட்டுக்காரர் தச்சர். கதவு செய்து மிஞ்சிய நீளப் பலகையில் வரிசையாக ஆணி அடித்துக் கொடுத்தார். ஒன்றரைக் கிலோவிலிருந்து நாலு கிலோ வரை, நூறு கிராமுக்கு ஒன்று என்று இருபத்தாறு ஆணிகள். பலகை துணி வைக்கும் அறைச் சுவரில் உயரத்தில் ஏறியது. வருகிற சீட்டை அதனதன் ஆணியில், முன் தொங்கும் சீட்டோடு முடிந்து தொங்கவிட்டாள்.

"ஆஸ்பத்திரியில தோரணம் கட்டுறியா?" என்றார் தச்சர்.

"உங்களுக்கென்ன, ஆணி அடிச்சதோட வேலை முடிஞ்சுது."

முதல் மாதம் சீட்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொங்கின. இரண்டாம் மாதம் நடுவில் சில சரங்கள் நீண்டன. மூன்றாம் மாதம் ஒரு நாள், மடித்த விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சுவரில் ஒரு மலை தொங்கியது. தலைகீழ் மலை. இடது ஓரத்தில் ஒன்றிரண்டு சீட்டு, போகப்போக நீளம், நடுவில் இரண்டு தொள்ளாயிரத்தில் சரம் முழங்கால் வரை இறங்கியிருந்தது, அங்கிருந்து மறுபடி குறைந்து குறைந்து வலது ஓரத்தில் ஒன்றிரண்டு. கத்தரிக்கோலால் வெட்டிவிட்ட மாதிரி.

அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரும் யாரையும் கேட்டுக்கொண்டு பிறக்கவில்லை. ஒருத்தி பத்தாம் மாசம் வந்தாள், ஒருத்தி எட்டில் வலி கண்டு ஓடி வந்தாள். ஒருத்தி வசதியானவள், ஒருத்தி வேலைக்குப் போன இடத்திலிருந்து வண்டியில் வந்தாள். அவரவர் பாட்டுக்குப் பெற்றார்கள், அவரவர் பாட்டுக்குப் போனார்கள். ஆனால் சுவரில் வந்து சேர்ந்ததும் பிள்ளைகள் எல்லாம் வரிசை தெரிந்த பிள்ளைகளாகிவிட்டார்கள்! யார் சொல்லிக் கொடுத்தது? அன்றிலிருந்து வேலை முடிந்து கிளம்பும் முன் ஒரு தரம் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் போவாள். பெரிய சிஸ்டர் கேட்டே விட்டார்: "உள்ள யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கியா?"

"ஆமா சிஸ்டர், ஐந்நூறு பேரை."

அந்த மலையில் ஒரே ஒரு இடம் மட்டும் அவள் கண்ணை உறுத்தியது. இரண்டரைக்கு முந்தின ஆணி. பிள்ளைக்குப் பல் விழுந்த இடம் மாதிரி அங்கே மட்டும் ஓட்டை. அவள் அதைப் பற்றி ரொம்ப யோசிக்கவில்லை. நிஜத்தைச் சொல்வதென்றால், யோசிக்கப் பிடிக்கவில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில் குழந்தை டாக்டரம்மா விரிப்பு தேடி அந்த அறைக்குள் வந்தார். வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வந்தவர் விரிப்பை மறந்தார்.

"அக்கா, இது யார் வேலை?"

கிலோ அக்காவுக்குப் பயம் வந்தது. "நான்தாங்க டாக்டரம்மா. ஆணி வேணாம்னா பிடுங்கிடறேன்."

"பிடுங்குறதா? நாங்க இதைப் புத்தகத்துல படிச்சோம். பேப்பர்ல கட்டம் கட்டமா வரைஞ்சோம். இப்படித் தொட்டுப் பார்க்கிற மாதிரி நான் பார்த்ததே இல்ல." டாக்டரம்மா நாற்காலி மேல் ஏறி ஒரு சரத்தைக் கையில் தாங்கிப் பிடித்தார். "எந்த ஊர்ல எடை போட்டாலும் மலை இப்படித்தான் வரும், தெரியுமா? இடம் கொஞ்சம் தள்ளி இருக்கும், அவ்வளவுதான்."

"எல்லா ஊர்லயுமா?" அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

 டாக்டரம்மாவின் கண் அதற்குள் அந்தப் பல் விழுந்த இடத்துக்குப் போயிருந்தது. இறங்கி வந்து எண்ணினார். இரண்டு முந்நூறில் பத்தொன்பது. இரண்டு நானூறில் ஏழு. இரண்டரையில் ஐம்பத்தெட்டு. இரண்டு அறுநூறில் நாற்பத்தாறு.

"மலை இறங்குற வழியில பள்ளமும் மேடுமா ஏன்க்கா வரணும்? பத்தொன்பதுக்கு அடுத்து இருபத்தெட்டு, முப்பத்தேழு, நாற்பத்தாறுன்னு படி மாதிரி போகணும். ஏழு எப்படி வந்துச்சு? தராசு அங்க வந்து சிக்குதோ?"

உடனே சோதித்துவிட்டார்கள். அரைக் கிலோ மருந்துப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தார் டாக்டரம்மா. ஒன்று வைத்தால் அரை, இரண்டு வைத்தால் ஒன்று; ஐந்தாவதில் முள் இரண்டரையில் போய் நச்சென்று நின்றது. நூறு கிராம் பஞ்சுக் கட்டைச் சேர்த்தார், எடுத்தார், மறுபடி சேர்த்தார். முள் எங்கேயும் சிக்கவில்லை.

"தராசு தங்கம்" என்றார் வேடிக்கை பார்க்க வந்து நின்ற பெரிய சிஸ்டர்.

கிலோ அக்காவின் கை புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தது. தராசின் மேல் பழி போயிருந்தால் புதுத் தராசு வந்திருக்கும், விஷயம் முடிந்திருக்கும். இப்போது பழி போக மிச்சம் இருந்தது அவள் மட்டும்தான்.

"டாக்டரம்மா, பொட்டலம் அசையாதுங்க. குழந்தை உதைக்கும்."

"உதைச்சா?"

"முள்ளு ஆடும். ரெண்டு நானூறுக்கும் ரெண்டரைக்கும் நடுவுல போய்ப் போய் வரும். அந்தப் பொண்ணுங்க கையைப் பிடிச்சுக்குவாங்க. வீட்ல மூத்தது தனியா இருக்குக்கா, அவரு வேலைக்குப் போகணும்க்கா, ரெண்டரைன்னு போடுக்கான்னு. முள்ளு ரெண்டரையைத் தொட்டுச்சுதானே? தொட்டதை எழுதினேன். பொய் எழுதலன்னு நெனச்சேன்."

"மூணு கிலோ குழந்தைக்கும் மேல தொட்டதைத்தான் எழுதினீங்களா?"

அவள் தலையைக் குனிந்தாள். "இல்ல. அதுங்களுக்கு முள்ளு நின்னப்புறம்தான் எழுதினேன்."

"எத்தனை பேருக்கு இப்படி?"

"நாலஞ்சு இருக்கும். சத்தியமா நாலஞ்சுதான்."

டாக்டரம்மா ஒரு தாளை எடுத்து இருபத்தாறு பட்டைகள் வரைந்தார். மலை இப்போது நேராக நின்றது. இரண்டு நானூறின் தலைக்கு மேல் இருந்த காலி இடத்தையும் இரண்டரையின் தலையில் துருத்திக்கொண்டிருந்த உபரியையும் பென்சிலால் தீட்டினார். இரண்டும் ஒரே அளவு. உபரியை எடுத்துக் காலியில் வைத்தால் கச்சிதமாகப் பொருந்தும்.

"இருபத்தொண்ணுக்கா. ஒண்ணு ரெண்டு கூடக் குறைய இருக்கலாம்."

 அவள் மறந்ததை ஒரு சுவர் மறக்கவில்லை! ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு ஒன்றுதானே என்று நினைத்தாள். ஒன்று ஒன்றாக அவள் கை செய்ததை எல்லாம் அந்தச் சரங்கள் கூட்டி வைத்துக்கொண்டு, பேசாமல் ஐந்து மாதம் தொங்கியிருக்கின்றன. கோயிலில் நிற்கிற மாதிரி அவள் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

"அந்த இருபத்தொண்ணு எதெதுன்னு சொல்லுங்க டாக்டரம்மா, நான் ஓடிப் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"அதைத்தான் இது சொல்லாது. எத்தனைன்னு சொல்லும், யாருன்னு சொல்லாது. உங்களுக்கு முகம் ஞாபகம் இருக்கா?"

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். கெஞ்சிய கைகள் ஞாபகம் வந்தன, முகங்கள் கலைந்துபோயின. எந்தச் சீட்டைப் பார்த்தாலும் அவள் எழுத்தில் இரண்டரை என்றுதான் இருந்தது. உண்மையும் சரி, இரக்கமும் சரி, ஒரே மையில்.

"அப்ப ஐம்பத்தெட்டையும் பாத்துடணும்" என்றாள்.

பெரிய சிஸ்டர் குறுக்கே வந்தார். "உனக்கு மெமோ வரும்டி முதல்ல."

"வரட்டும் சிஸ்டர். மெமோவுக்குப் பால் குடுக்க வேண்டாம், அது தானா வளரும். அந்தப் பிள்ளைங்க வளர்ந்துச்சான்னு பாத்துட்டு வரேன்."

மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரி வண்டியில் தராசைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பக்கத்தில் டாக்டரம்மா. மாடி வீடு, ஓட்டு வீடு, கடைக்குப் பின்னால் ஒரே அறை. போன இடமெல்லாம் குழந்தைகள் தளதளவென்று இருந்தன. ஒன்று முள்ளை ஆறு கிலோவுக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தது. ஒரு மாமியார் சொன்னார்: "கூட்டிட்டுப் போற மாதிரி வந்திருக்கீங்களே, திருப்பித் தரமாட்டீங்களோன்னு பயந்துட்டேன்." கிலோ அக்கா சிரித்தாள். ஆனால் ஒவ்வொரு கதவைத் தட்டும்போதும் உள்ளே குழந்தைச் சத்தம் கேட்கிறதா என்று முதலில் காது கொடுத்தாள். ஆறு நாளில் நாற்பது வீடு முடிந்தது.

நாற்பத்தொன்றாவது வீடு ஒரு அச்சகத்துக்கு மேல் மாடி. கீழே இயந்திரம் ஓட, மேலே தரை அதிர்ந்தது. குழந்தைக்கு ஆறு வாரம். துணிக்குள் இருப்பதே தெரியவில்லை. அழக்கூட இல்லை, கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடந்தது. "ரொம்ப சமத்து, ராத்திரி பகலா தூங்குது" என்றாள் அம்மா. தராசில் வைத்தார்கள். முள் ஆடவே இல்லை. உதைத்தால்தானே ஆடும். இரண்டு அறுநூறு.

டாக்டரம்மா குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ன? என்ன ஆச்சு? நீங்கதானேக்கா ரெண்டரை, வீட்டுக்குப் போலாம்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றாள் அந்தப் பெண்.

"நான்தான் எழுதினேன். முள்ளு நிக்கிறதுக்குள்ள எழுதினேன். தப்பு என் மேல."

"நான்தானே உங்க கையைப் பிடிச்சேன்!"

"நீ பிடிச்சே. பேனா என் கையிலதானே இருந்துச்சு? வா, செருப்பைப் போடு."

சப்பி இழுக்கத் தெம்பில்லாமல், களைத்துப்போய்த் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை அது. பாலைக் கறந்து இரண்டு மணிக்கொரு தரம் சின்னக் கிண்ணத்தில் புகட்டச் சொன்னார் டாக்டரம்மா. பத்து கிராமைக்கூடக் காட்டும் தராசை வரவழைத்தார். கட்டம் போட்ட தாள் ஒன்றை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு மேல் ஒட்டி, பேனாவைக் கிலோ அக்காவிடம் கொடுத்தார். "ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. ஒரு சின்னக் கட்டம் பத்து கிராம். நீங்கதான் வைக்கணும்."

"என் கையையா நம்பறீங்க?"

"இதைவிடப் பயந்த கை எனக்கு எங்க கிடைக்கும்?"

முதல் நாள் இரண்டு அறுநூற்றுப் பத்து. இரண்டாம் நாள் ஒரு கட்டம் கீழே. மூன்றாம் நாள் அதே இடம். நாலாம் நாள் இன்னும் ஒரு கட்டம் கீழே. அன்று புள்ளி வைத்துவிட்டு அவள் துணி அறைக்குப் போகவில்லை. மீதிப் பதினேழு வீடுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பியவள் (இன்னும் இரண்டு குழந்தைகளைக் கொஞ்ச நாள் பார்க்கச் சொல்லி அழைத்து வந்திருந்தார்கள், மற்றவை நன்றாக இருந்தன) அந்தக் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் புள்ளி இரண்டு கட்டம் மேலே ஏறியது. அவள் நம்பவில்லை. குழந்தையை இறக்கி, துணியை உதறிப் போட்டு, மறுபடி வைத்துப் பார்த்தாள். அதே எண். ஆறாம் நாள் மூன்று கட்டம். ஏழாம் நாளிலிருந்து கோடு படிக்கட்டு ஏறுகிறவன் மாதிரி நிற்காமல் ஏறியது. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் கோடு இழுக்கும்போது தன் கையே அந்தப் பிள்ளையைத் தூக்கிவிடுகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

பதினைந்தாம் நாள் காலையில் அம்மாக்காரி தாளின் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள். "அக்கா, கட்டம் முடிஞ்சுபோச்சு. இன்னைக்குப் புள்ளியைச் சுவத்துலதான் வைக்கணும்."

"சுவத்துல வெச்சா பெரிய சிஸ்டர் என்னைத் தொங்கவிட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டு, கிலோ அக்கா இன்னொரு தாளும் பசையும் கேட்டு ஓடினாள்.